59 வெற்றி, ஒரே தோள்: ஆரம்பகால பேஸ்பால் பிட்சரின் ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொள்வது எப்படி?

பேஸ்பால் சாதனைப் பட்டியலைப் புரட்டுகிற யாரும் ஒரு வரியில் வந்து நின்றுவிடுவார்கள். ஆண்டு 1884. அணி ப்ராவிடன்ஸ் கிரேஸ். பிட்சர், அதாவது பந்துவீசுபவர், சார்லஸ் ராட்போர்ன். 59 வெற்றி, 12 தோல்வி.

இன்றைக்கு ஒரு பிட்சர் ஒரு சீசனில் 20 ஆட்டம் வென்றுவிட்டால் அந்த ஆண்டின் தலைசிறந்தவர்களில் ஒருவராக அவரைப் பேசுவார்கள். 30 வெற்றியைக் கடைசியாகத் தொட்டவர் டெட்ராய்ட் அணியின் டென்னி மெக்லெயின், 1968-இல். அதற்கப்புறம் ஒருவருமில்லை. அப்படியிருக்க 59 என்பது ஏதோ அச்சுப்பிழை மாதிரித் தெரியும். பிழை இல்லை.

ஆனால் நான் கவனிக்கச் சொல்வது அதற்குக் கீழே இருக்கும் வரிகளை. 1885-இல் அதே மனிதர் 28 வெற்றி, 21 தோல்வி. 1886-இல் 27 வெற்றி, 31 தோல்வி. 1888-இல் வெறும் 7 வெற்றி, 16 தோல்வி. நாலே வருடத்தில் 59 எப்படி 7 ஆனது? திறமை காணாமல் போய்விட்டதா? வயதாகிவிட்டதா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், 19-ஆம் நூற்றாண்டு பிட்சர்கள் பெரும்பாலானவர்களின் வாழ்க்கையையே புரிந்துகொள்ளலாம். ஏறியதற்கும் இறங்கியதற்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான் என்பது என் எண்ணம்.

பிட்சர் செய்யும் வேலை

பேஸ்பால் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளர் ஆறு பந்து போட்டதும் ஒதுங்கிக்கொள்வார், மறுமுனையிலிருந்து வேறொருவர் வீசுவார். பேஸ்பாலில் அந்த இடைவெளி கிடையாது. பந்து எப்போதும் ஒரே இடத்திலிருந்துதான் வரும். களத்தில் இருக்கும் பிட்சரே ஒவ்வொரு பந்தையும் வீசுவார். அவரை மாற்றும்வரை அவர்தான்.

ஒரு ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் எதிரணியின் மூன்று பேரை அவுட்டாக்க வேண்டும். ஆக மொத்தம் 27 அவுட். பேட்டர் எட்டக்கூடிய பகுதிக்குள் வந்த நல்ல பந்தை அவர் அடிக்காமல் விட்டாலோ, மட்டையை வீசித் தவறவிட்டாலோ அது ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் பேட்டர் அவுட், அதற்குப் பெயர் ஸ்ட்ரைக்அவுட். எட்டாத பந்து போட்டால் அது 'பால்' என்று கணக்கில் சேரும். இன்றைய விதிப்படி நான்கு பால் போட்டுவிட்டால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போய்விடலாம்.

அடுத்து, பிட்சரின் பெயருக்கு எதிரே எழுதும் வெற்றி, தோல்வி. இதுதான் புதியவர்களைக் குழப்பும் விஷயம். ஆட்டத்தை ஜெயிப்பது ஒன்பது பேர் சேர்ந்த அணி. ஆனாலும் அந்த ஜெயிப்பை ஒரு பிட்சரின் கணக்கில் எழுதும் வழக்கம் பேஸ்பாலில் உண்டு. அணி முன்னிலைக்கு வந்த நேரத்தில் யார் வீசிக்கொண்டிருந்தாரோ அவருக்குத்தான் பொதுவாக அது போகும். ஆட்டத்தைத் தொடங்கிய பிட்சருக்கு அது கிடைக்க வேண்டுமென்றால் அவர் ஐந்து இன்னிங்ஸாவது வீசியிருக்க வேண்டும் என்பது இன்றைய விதி.

ராட்போர்னின் எண்ணிக்கை 59-ஆ 60-ஆ என்ற பழைய சர்ச்சையும் இங்கிருந்துதான் வருகிறது. 1884 ஜூலையில் ஒரு ஆட்டத்தை அதே அணியின் சைக்ளோன் மில்லர் தொடங்கி ஐந்து இன்னிங்ஸ் வீசினார், மீதியை ராட்போர்ன் வீசி முடித்தார். அன்றைக்கு இன்றைய விதி இல்லை, கணக்கெழுதுபவர் தன் விருப்பப்படி ராட்போர்னுக்கு வெற்றியைக் கொடுத்தார். இன்றைய விதிப்படி அது மில்லருடையது. அதனால் சில நூல்களில் 60 என்றும் சிலவற்றில் 59 என்றும் இருக்கும். நான் 59-ஐயே எடுத்துக்கொள்கிறேன்.

அந்தக் காலத்து விதிகள் வேறு

1880-களின் ஆட்டத்தை இன்றைய கண்ணோடு பார்த்தால் ஒன்றும் விளங்காது. பிட்சர் நிற்க இன்று இருக்கும் மண்மேடு அப்போது இல்லை. சமதரையில் சுண்ணாம்புக் கோட்டால் ஒரு பெட்டி வரைந்திருப்பார்கள். அதற்குள் அவர் ஓரிரு அடி எடுத்துவைத்து, துள்ளி, ஓடிவந்துகூட வீசலாம். பெட்டியின் முன்கோட்டிலிருந்து பேட்டர் நிற்கும் இடத்துக்கு 50 அடி. அதுவும் 1881-இல் வந்ததுதான், அதற்கு முன் 45 அடி.

கையை எவ்வளவு உயர்த்தி வீசலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இருந்தது. ஆரம்பத்தில் இடுப்புக்குக் கீழிருந்து, கையைத் தாழ்த்தியே வீச வேண்டும். விதி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, 1883-இல் தோள் உயரம் வரை அனுமதித்தார்கள். 1884-இல் ப்ராவிடன்ஸ் ஆடிய நேஷனல் லீக் எந்தக் கட்டுப்பாடும் வேண்டாம் என்று தோளுக்கு மேலே கையைச் சுழற்றி வீசவும் விட்டுவிட்டது. இந்த வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டருக்கும் ஒரு சலுகை இருந்தது. எனக்கு மேலே போடு, அல்லது கீழே போடு என்று அவர் கேட்கலாம். பிட்சர் அந்த உயரத்தில்தான் போட வேண்டும், இல்லையென்றால் பால். 1886 வரை இது நடந்தது. அதற்கு ஈடாக, 1884-இல் நேஷனல் லீகில் ஆறு பால் போட்ட பிறகுதான் பேட்டர் நடந்து போக முடியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பாதி ஆட்டத்தில் வெளியிலிருந்து புது ஆளைக் கொண்டுவர முடியாது என்பது. காயம் பட்டால் ஒழிய, அல்லது எதிரணி சம்மதித்தால் ஒழிய, தொடங்கிய ஒன்பது பேர்தான் முடிக்க வேண்டும். பிட்சர் தடுமாறினால் அவரை வலதுபுற எல்லைப் பகுதிக்கு, அதாவது ரைட் ஃபீல்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கே நிற்பவரை வீசச் சொல்வார்கள். அதனால்தான் அணியின் இரண்டாவது பிட்சர் பெரும்பாலும் ரைட் ஃபீல்டில் நின்றிருப்பார். அணியில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர். அதில் இரண்டு பிட்சர் இருந்தாலே போதும் என்று முதலாளிகள் நினைத்தார்கள். ஆள் கூடினால் சம்பளமும் கூடுமே.

ஆட்டங்களின் எண்ணிக்கை மட்டும் கூடிக்கொண்டே போனது. நேஷனல் லீகில் ஒரு அணிக்கு 1882-இல் 84 ஆட்டம். 1883-இல் 98. 1884-இல் 112. ஆட்டம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. வீசும் கைகளின் எண்ணிக்கை கூடவில்லை. அதே வருடம் தோளுக்கு மேலே வீசும் உரிமையும் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் ராட்போர்ன் நின்றார்.

கசாப்புக் கடையிலிருந்து களத்துக்கு

ராட்போர்ன் 1854 டிசம்பர் 11-இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் பிறந்தவர். வளர்ந்தது இல்லினாய் மாநிலத்தின் ப்ளூமிங்டனில். அப்பா கசாப்புக்காரர். மகனும் இளவயதில் அந்த வேலை செய்தார், ரயிலில் பிரேக் போடும் வேலையும் பார்த்தார். பியோரியா, டுபூக் என்று நடுமேற்கு ஊர் அணிகளில் ஆடிவிட்டு, 1880-இல் பஃபலோ அணிக்கு வந்தார். வந்ததுமே தோளில் அடி. ஆறே ஆட்டம், அதுவும் பிட்சராக இல்லை. அணி அவரை விட்டுவிட்டது.

இதைப் பலர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். அவருடைய தோள் 1884-இல் திடீரென்று கெட்டுப்போகவில்லை. பெரிய லீகில் அவர் ஒரு பந்துகூட வீசும் முன்பே அது ஒரு தடவை கைவிட்டிருக்கிறது.

1881-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் ப்ராவிடன்ஸ் அணி அவரை எடுத்தது. அங்கே ஏற்கெனவே ஜான் மாண்ட்கமரி வார்டு என்ற நட்சத்திர பிட்சர் இருந்தார். இருவரும் வேலையைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். ராட்போர்னுக்கு 25 வெற்றி. மறுவருடம் 33. வார்டு வீசும் நாட்களில் இவர் ரைட் ஃபீல்டில் நிற்பார். 1882 ஆகஸ்ட் 17-இல் டெட்ராய்ட்டுக்கு எதிராக, சமநிலையால் 9 இன்னிங்ஸைத் தாண்டி நீண்ட ஆட்டத்தில், வார்டு 18 இன்னிங்ஸ் ஒற்றை ரன்கூடக் கொடுக்காமல் வீசினார். 18-ஆவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றிவந்து எடுக்கும் ரன்) அடித்து 1–0 என்று ஆட்டத்தை முடித்தவர், ரைட் ஃபீல்டில் நின்ற ராட்போர்ன். எனக்கு மிகப் பிடித்த பேஸ்பால் ஸ்கோர் இதுதான்.

அந்தச் சீசன் முடிந்ததும் வார்டு நியூயார்க்குக்குப் போய்விட்டார். ப்ராவிடன்ஸின் முழு பாரமும் ராட்போர்ன் மேல் விழுந்தது. 1883-இல் அணி ஆடியது 98 ஆட்டம், அதில் 76-இல் அவர் வீசினார். 632 இன்னிங்ஸ், 48 வெற்றி. ஜூலை 25-இல் கிளீவ்லாண்டுக்கு எதிராக ஒரு ஹிட்கூட, அதாவது பேட்டர் அடித்து பேஸை எட்டும் ஒரு அடிகூட, கொடுக்காத ஆட்டம் வேறு. பேட்டர்களை வேகத்தால் மட்டும் மிரட்டியவர் இல்லை இவர். ஆள் ஐந்தடி ஒன்பது அங்குலம். கைக்கோணத்தையும் வேகத்தையும் மாற்றி மாற்றி, ஒரே ஆளுக்கு ஒரே மாதிரி இரண்டு பந்து போடாமல் ஏமாற்றுவதே அவர் வழி.

1884

இந்த வருடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சீசன் தொடங்கும்போது ப்ராவிடன்ஸுக்கு இரண்டு பிட்சர். ஒருவர் ராட்போர்ன், இன்னொருவர் சார்லி ஸ்வீனி என்ற இளைஞர். ஜூன் 7-இல் பாஸ்டனுக்கு எதிராக ஸ்வீனி 19 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். 9 இன்னிங்ஸ் ஆட்டம் ஒன்றில் பெரிய லீகில் அந்த எண்ணைத் தாண்ட 1986-இல் ராஜர் க்ளெமென்ஸ் வரவேண்டியிருந்தது. புதிதாகக் கிடைத்த தோளுக்கு மேலான வீச்சு பேட்டர்களை எப்படித் திணறடித்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ராட்போர்னுக்கு இது ரசிக்கவில்லை. சின்னப் பையனை எல்லோரும் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள், தன் கை வலிக்கிறது, சம்பளம் மட்டும் ஏறவில்லை. ஜூலை நடுவில் பாஸ்டனுக்கு எதிரான ஒரு ஆட்டத்தில் நிலைகுலைந்து, கோபத்தில் ஏனோதானோ என்று வீசினார் என்ற குற்றச்சாட்டில் நிர்வாகம் அவரை இடைநீக்கம் செய்தது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 22-இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக ஸ்வீனி குடித்துவிட்டு வந்து வீசினார். அணி முன்னிலையில் இருந்தது. மேலாளர் ஃபிராங்க் பேன்க்ராஃப்ட் அவரை ரைட் ஃபீல்டுக்குப் போகச் சொல்லி, அங்கிருந்த மில்லரை வீச அழைத்தார். ஸ்வீனி மறுத்து, மைதானத்தைவிட்டே வெளியேறினார். புது ஆளை இறக்க விதியில் இடமில்லை. எட்டுப் பேரோடு மீதியை ஆடி, ப்ராவிடன்ஸ் தோற்றது. ஸ்வீனி அப்புறம் யூனியன் அசோசியேஷன் என்ற போட்டி லீகின் செயின்ட் லூயிஸ் அணிக்குப் போய்விட்டார்.

இப்போது அணியில் ஒழுங்கான பிட்சர் ஒருவரும் இல்லை. அணியையே கலைத்துவிடலாமா என்று முதலாளிகள் யோசித்தார்கள். பேன்க்ராஃப்ட் ராட்போர்னிடம் போனார். மீதி ஆட்டங்களை நானே வீசுகிறேன், ஆனால் கூடுதல் சம்பளம் வேண்டும், சீசன் முடிவில் என்னை 'ரிசர்வ்' பட்டியலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றார் ராட்போர்ன்.

இந்த ரிசர்வ் விதி என்னவென்று தெரிந்தால்தான் அவர் கேட்டதன் எடை புரியும். ஒரு வீரரை ஒரு அணி தன் பட்டியலில் வைத்துக்கொண்டால், ஒப்பந்தம் முடிந்த பிறகும் வேறு எந்த அணியும் அவரைத் தொடக்கூடாது. 1879-இல் அணிக்கு ஐந்து பேர் என்று தொடங்கி, பிறகு விரிந்துகொண்டே போன ஏற்பாடு இது. வீரருக்கு முன்னால் இருந்த வழி இரண்டே. கொடுத்த சம்பளத்துக்கு ஆடு, இல்லையென்றால் ஆட்டத்தையே விடு. கை எத்தனை வருடம் தாங்கும் என்று தெரியாத ஒரு பிட்சர், தன் கைக்கு விலை ஏற்றிக்கொள்ள வழியே இல்லாத நிலை. ராட்போர்ன் கேட்டது அந்த விடுதலையை.

நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அதற்கப்புறம் நடந்ததுதான் இன்றும் பேசப்படுகிறது. ஜூலை 23-லிருந்து செப்டம்பர் பிற்பகுதியில் கோப்பை உறுதியாகும்வரை அணி ஆடிய 43 ஆட்டத்தில் 40-ஐ அவர் தொடங்கினார், 36 வென்றார். நடுவில் அவருடைய தொடர் வெற்றி மட்டும் 18. அணி தொடர்ந்து 20 ஆட்டம் ஜெயித்தது.

காலையில் தலைவாரக் கையைத் தூக்க முடியாது என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஆட்டத்துக்கு முன் மைதானத்துக்கு வந்து, சில அடி தூரத்துக்கு மெதுவாகப் பந்தை உருட்டிவிடுவது போலத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டி, வலி மரத்துப்போகும்வரை வீசிப் பழகுவாராம். அப்புறம் 9 இன்னிங்ஸ். மறுநாளும் அதே.

சீசன் முடிவில் அவர் வீசியது 678 இன்னிங்ஸும் ஒரு இன்னிங்ஸில் மூன்றில் இரண்டு பங்கும். தொடங்கிய 73 ஆட்டத்தில் 73-ஐயும் அவரே முடித்தார். 441 ஸ்ட்ரைக்அவுட். இப்போதெல்லாம் முன்னணி பிட்சர் ஒருவர் ஒரு சீசனில் 200 இன்னிங்ஸ் வீசினால் அது பெரிய விஷயம்.

ப்ராவிடன்ஸ் 84 வெற்றி, 28 தோல்வியோடு லீகை வென்றது. அக்டோபர் 23 முதல் 25 வரை, மற்றொரு லீகின் சாம்பியனான நியூயார்க் மெட்ரோபாலிட்டன்ஸுடன் மூன்று ஆட்டம். மூன்று நாள், மூன்று ஆட்டம், மூன்றிலும் ராட்போர்ன், மூன்றும் வெற்றி.

அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

அந்த ஆண்டில் அவருடைய ஈஆர்ஏ 1.38. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்று சொல்லும் அளவு அது. ஆனால் ஃபீல்டர்களின் தவறால் வந்த ரன் அதில் சேராது. அவர் வீசும்போது எதிரணிகள் எடுத்தது மொத்தம் 216 ரன், அதில் 104 மட்டுமே அவர் கணக்கில். பாதிக்கு மேல் ஃபீல்டர்கள் விட்டது! காரணம் எளிது. அன்றைக்குப் பெரும்பாலான ஃபீல்டர்கள் கையுறையே போடவில்லை. வெறும் கையால் பிடித்தார்கள். பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர்கூட விரல் வெட்டிய மெல்லிய தோலுறைதான் போட்டிருப்பார். ராட்போர்னின் பந்துகளைப் பிடித்த பார்னி கில்லிகனின் கைகளைப் பற்றி யாரும் சாதனைப் பட்டியல் எழுதவில்லை. எழுதியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

இந்த 1.38-ம் அன்றைக்குக் கணக்கிட்ட எண் இல்லை. பிற்காலத்தில் பழைய கணக்கேடுகளைப் புரட்டிப் போட்டது.

59 என்ற எண்ணுக்குள் பல விஷயங்கள் அடங்கியிருக்கின்றன. ராட்போர்னின் திறமை உண்டு, அதில் சந்தேகமில்லை. கூடவே 50 அடி தூரம், துள்ளி வீச விட்ட பெட்டி, புதிதாகத் திறந்துவிட்ட கைவீச்சு, இரண்டாவது பிட்சர் ஓடிப்போன விபத்து, கூடுதல் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க விரும்பாத முதலாளிகள், வேறு வழியில்லாத ரிசர்வ் விதி. ஒரு மனிதர் 73 ஆட்டம் தொடங்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்று கேட்காமல் அவருடைய 59-ஐ மட்டும் வியப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இறக்கமும் நடுவில் ஓர் ஏற்றமும்

விடுதலை கேட்டு வாங்கியவர், 1885-இல் ப்ராவிடன்ஸிலேயே தொடர்ந்தார். 28 வெற்றி. அணி நான்காவது இடம். வருட முடிவில் அணியே மூடப்பட்டு, ராட்போர்னைப் பாஸ்டன் வாங்கிக்கொண்டது. பாஸ்டனில் முதல் வருடம் 509 இன்னிங்ஸ், 27 வெற்றி, 31 தோல்வி. அந்த 1886 சீசனின் தொடக்க நாளில் நியூயார்க்கில் எடுத்த குழுப் படத்தில், பின்வரிசையில் நின்றபடி அவர் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டுகிறார். அந்தச் சைகை பதிவான மிகப் பழைய புகைப்படங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். யார் மேல் கோபம் என்று தெரியாவிட்டாலும், மனிதரின் குணம் தெரிகிறது.

1887-இல் விதி மறுபடி மாறியது. துள்ளலும் ஓட்டமும் போயின. பிட்சர் பெட்டியின் பின்கோட்டில் ஒரு காலை ஊன்றி, ஒரே ஒரு அடி மட்டும் எடுத்துவைத்து வீச வேண்டும். பேட்டர் உயரம் கேட்கும் உரிமை போனதற்கு ஈடாக, அந்த ஒரு வருடம் மட்டும் நாலு ஸ்ட்ரைக் ஆனால்தான் அவுட் என்றார்கள். ஐந்து பாலுக்கே பேட்டர் நடந்து போகலாம். 33 வயதை நெருங்கிய, தேய்ந்த தோளோடு ஓட்டத்தின் உதவியால் வீசிக்கொண்டிருந்த ஒருவருக்கு இது பேரிடி. ஈஆர்ஏ 4.55-க்குப் போனது. 1884-இல் 441 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தவர், 1887-இல் எடுத்தது 87. மறுவருடம்தான் அந்த 7 வெற்றி, 16 தோல்வி.

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் 1888-இல் அவர் வீசியது 207 இன்னிங்ஸ் மட்டும். கிட்டத்தட்ட பத்து வருடத்தில் முதல் தடவையாகத் தோளுக்கு ஓய்வு கிடைத்தது. 1889-இல் 20 வெற்றி, 11 தோல்வி. 1890-இல் வீரர்களே சேர்ந்து ரிசர்வ் விதியை எதிர்த்துத் தனியாக ஒரு லீக் தொடங்கினார்கள், பிளேயர்ஸ் லீக் என்று. அதை முன்னின்று நடத்தியவர் அதே ஜான் வார்டு. ராட்போர்ன் அதன் பாஸ்டன் அணியில் சேர்ந்து 27 வெற்றி, 12 தோல்வி. அணி கோப்பையை வென்றது. பணம் தீர்ந்து லீக் ஒரே வருடத்தில் மூடப்பட்டது. 1891-இல் சின்சினாட்டிக்காக 11 வெற்றி, 13 தோல்வி. அத்துடன் விலகிக்கொண்டார். மொத்தம் 309 வெற்றி, 194 தோல்வி.

ப்ளூமிங்டனில் மதுக்கடையும் பில்லியர்ட்ஸ் கூடமும் நடத்தினார். ஒரு வேட்டை விபத்தில் ஒரு கண் பார்வை போனது, முகம் சிதைந்தது. அதன் பிறகு வெளியே தலைகாட்டுவதையே குறைத்துக்கொண்டார். 1897 பிப்ரவரி 5-இல் இறந்தபோது வயது 42. 1939-இல், சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்ந்தது.

அவர் ஒருவர் மட்டும் இல்லை

மற்றவர்களின் வரிகளையும் இதே கண்ணோடு படித்துப் பாருங்கள். டாமி பாண்ட் 1877, 1878, 1879 மூன்று வருடமும் 40 வெற்றிக்குக் குறையவில்லை. 1880-இல் 26 வெற்றி, 29 தோல்வி. 1881-இல் வெற்றியே இல்லை. அப்போது அவருக்கு 25 வயதுதான்! குடித்துவிட்டு ஓடிய ஸ்வீனி 1884-இல் இரண்டு அணிகளிலுமாக 41 ஆட்டம் வென்றார். மறுவருடமே 11 வெற்றி, 21 தோல்வி. வாழ்நாள் முழுக்க அவர் வென்ற 64-இல் 41 அந்த ஒரே வருடத்தில் வந்தது. வார்டின் கையும் கெட்டது. அவர் மட்டும் புத்திசாலித்தனமாகப் பந்துவீச்சை விட்டு ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டர் இடத்துக்கு மாறி, நீண்ட காலம் ஆடினார். சட்டமும் படித்தார்.

விதிவிலக்கும் உண்டு. பட் கால்வின் 6,000 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார், 1883, 1884 இரண்டு வருடமும் 46 வெற்றி. சில உடம்பு தாங்கும். ஏன் ஒருவருக்குத் தாங்கி இன்னொருவருக்கு உடைகிறது என்பதற்கு இன்றைய மருத்துவமும் முழுப் பதில் வைத்திருக்கவில்லை. அதனால்தான் இப்போது அணிகள் ஐந்து பேரை முறைவைத்து வீசச் சொல்கின்றன. சுமார் நூறு பந்து ஆனதும் இறக்கிவிடுகின்றன.

இறக்கம் எல்லாமே தோளால் வந்ததும் இல்லை. இதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பழைய கணக்கைச் சரியாகப் படிக்க முடியும். 1893-இல் பெட்டியை எடுத்துவிட்டு, 60 அடி 6 அங்குலத்தில் ஒரு ரப்பர் பலகையை வைத்தார்கள். அந்தத் தூரம் இன்றும் மாறவில்லை. 50 அடியிலிருந்து பத்தரை அடி தள்ளிவிட்டார்கள் என்று பலர் எழுதுவார்கள். அது சரியில்லை. பழைய 50 அடி பெட்டியின் முன்கோடு வரை, பிட்சர் கால் ஊன்றியது அதற்கு ஐந்தரை அடி பின்னால். உண்மையில் கூடியது ஐந்து அடிதான்.

கணக்கை மாற்ற அந்த ஐந்து அடியே போதுமானதாக இருந்தது. கிளீவ்லாண்டின் சை யங், பின்னாளில் 511 வெற்றியோடு எல்லோரையும் தாண்டியவர், 1892-இல் 36 வெற்றி, ஈஆர்ஏ 1.93. 1893-இல் 34 வெற்றி, ஈஆர்ஏ 3.36. அவருக்குக் கையில் எந்தக் கோளாறும் இல்லை. அதற்கப்புறம் இன்னும் 18 வருடம் வீசினார்.